நூற்றுப்பன்னிரண்டு பெண்கள் புகைபிடித்த ஊர்

ஆனந்தமேரிக்கு இளைப்பு வந்ததும் அவர் கணவர் அருள்நாதனுக்கு இருமல் வந்ததும் ஒரே வீட்டில், ஒரே மழைக்காலத்தில்தான். ஆனால் இரண்டுக்கும் கிடைத்த மரியாதை ஒன்றல்ல.

அருள்நாதன் மினி லாரி ஓட்டுகிறவர். கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவது தொழில். நாளைக்குப் பதினைந்து சிகரெட் என்பது அவர் கொள்கை. அதற்கு மேலும் போகமாட்டார், கீழும் வரமாட்டார். அவர் நான்கு நாள் தொடர்ந்து இருமியதும் சொந்தபந்தம் கூடிவிட்டது. கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம், சளி எதையும் விட்டுவைக்கவில்லை. பங்குக் கோயிலில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். மதுரை டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னதால் அவரும் விட்டார். விட்ட நாள்களில் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்தார்கள். பத்தாம் நாள் காலையில் பல் விளக்கும் முன்பே ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, "விட்டதுலதான் ஒடம்பு அசந்துருச்சு" என்று அறிவித்தார். இருமல் என்னவோ தானாகவே நின்றுபோயிற்று.

ஆனந்தமேரிக்கு அந்த மழைக்காலத்தில் படுத்தால் மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். அவர் அப்போது வேடசந்தூர் ரோட்டில் ஒரு மில் கேன்டீனில் சமையல் வேலையில் இருந்தார். பதினோரு வருடம். மழைக்காலம் வந்தால் விறகு நனைந்துவிடும். நனைந்த விறகு எரியாது, புகையும். முந்நூறு பேருக்குச் சோறு வடித்து முடிக்கும்போது கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருக்கும். அவருக்காக யாரும் கார் பிடிக்கவில்லை. டவுன் பஸ்ஸில் தானே போய்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்.

அங்கிருந்த டாக்டர் நோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "சிகரெட், பீடி பழக்கம் இருக்கா?"

ஆனந்தமேரி திகைத்துப் போனார். டாக்டரே சிரித்துக்கொண்டார். "ஃபார்மாலிட்டிக்குக் கேட்டேம்மா. இல்லைல்ல? அப்ப ஒண்ணும் பயமில்ல. டென்ஷன்தான். சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

டென்ஷனுக்கு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த இளைப்புக்குப் பல பெயர்கள் வைக்கப்பட்டன. மாமியார் ஆரோக்கியம்மாள் அதைச் சளி என்றார். பக்கத்து வீட்டில் வயசுக் கோளாறு என்றார்கள். அருள்நாதன் சன்னலோரம் நின்று புகையை வெளியே ஊதியபடி, "ஒனக்கு எல்லாத்துக்கும் பயம் மேரி. பயந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்றார். வெளியே ஊதிய புகையில் பாதி காற்றோடு உள்ளே திரும்பி வந்தது. அது பழகிய வீடு, வராமல் என்ன செய்யும்.

நான் அவர்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவன். ஆனந்தமேரியைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு: அந்தம்மாவிடம் தப்பாக எதையும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாக்காளர் பட்டியலில் அவர் வயதை ஒரு தடவை எழுபத்து நான்கு என்று அச்சடித்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் நான்கு முறை ஆபீசுக்கு நடந்து, நாற்பத்து ஏழு என்று மாற்றிய பிறகுதான் ஓய்ந்தார். இப்படிப்பட்டவரைத்தான் பின்னால் பொய்க் கணக்கெடுத்தவர் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார்கள்.

கேன்டீன் வேலையை அவர் விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய அண்டாவைத் தூக்கினால் மூச்சு நின்று நின்று வந்தது, அவராகவே நின்றுகொண்டார். காலேஜில் படிக்கும் மகள் ஐரின்தான் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். 'உயிர்க்காற்று அறக்கட்டளை' என்றொரு தொண்டு நிறுவனம் கிராமங்களில் நுரையீரல் நலக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பிளஸ் டூ படித்த பெண்கள் தேவை. ஆனந்தமேரி பிளஸ் டூ. விண்ணப்பித்தார், கிடைத்துவிட்டது.

பயிற்சி ஒருநாள். திண்டுக்கல்லில் ஏசி போட்ட ஹாலில் நடந்தது. திட்ட ஒருங்கிணைப்பாளர் இளஞ்செழியன், முப்பது வயதுப் பையன், சுவரில் படம் காட்டிப் பேசினார். நுரையீரலின் எதிரி யார் என்று கேட்டு அவரே பதிலும் சொன்னார். ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். அதில் இருபத்தொரு கேள்வி. வீடு வீடாகப் போய்க் கேட்டு, விரலால் தொட்டுப் பதிவு செய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அவருக்கு விழுந்த ஊர் கன்னிவாடிக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருந்தது. ஊர் பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஏற்கெனவே ஒரு தடவை வந்தாயிற்று. தக்காளியும் வெங்காயமும் தென்னையும் விளைகிற ஊர். எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு இருந்தது. அதைத் துடைத்து, பூப்போட்ட துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். விருந்தாளி வந்தால் டீ போட மட்டும் துணி விலகும். சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில், விறகிலும் தென்னமட்டையிலும். கேஸ் தீர்ந்துபோகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, விறகில் வைத்த குழம்புக்குத்தான் ருசி. அந்த ருசியைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் ஒருநாளும் ஊதாங்குழலைத் தொட்டதில்லை.

முதல் நான்கு நாள் ஆண்களிடம் கேட்டார். வெற்றிலைக் கடைக்காரர் காதில் பீடியைச் செருகியபடி, "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு தாயி" என்றார். ஆனந்தமேரி அவர் காதைப் பார்த்தார். "இது மச்சான் பீடி, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார் அவர். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்ததால், இல்லை என்று பதிந்தார். இப்படியே நூற்று நாற்பது ஆண்களில் முப்பத்தெட்டுப் பேர்தான் புகைப்பவர்கள் என்று கணக்கு வந்தது. டீக்கடை முன்னால் கிடந்த பீடித் துண்டுகளைக் கணக்கெடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும்.

ஐந்தாம் நாள் பெண்களிடம் போனார். முதல் வீடு ஒச்சம்மாளுடையது. ஐம்பத்தைந்து வயது. கணவர் சுருளிவேல் வார்டு மெம்பர். ஊரில் மைக் கிடைக்கிற இடத்திலெல்லாம் இருப்பவர். ஆனந்தமேரி போனபோது ஒச்சம்மாள் கொட்டகைக்குள் அடுப்பு முன் குந்தியிருந்தார். உள்ளே ஆள் இருப்பது இருமலை வைத்துத்தான் தெரிந்தது.

"அக்கா, செத்த நேரம் வெளிய வாரீகளா? நாலு கேள்வி கேக்கணும்."

"கேளு தாயி, இந்தா வாரேன்" என்று வெளியே வந்தவருக்கு உட்காரவே இரண்டு நிமிடம் ஆனது. மூச்சு வாங்கும் சத்தம் ஆனந்தமேரிக்குத் தெரிந்த சத்தம். சொந்த நெஞ்சில் கேட்டுப் பழகியது.

ஏழாவது கேள்வி: புகைப்பழக்கம் உண்டா? ஒச்சம்மாள் சிரித்தார். ஆனந்தமேரி 'இல்லை' என்பதைத் தொட்டார். திரை ஒரு துள்ளு துள்ளிப் பதினைந்தாவது கேள்விக்குப் போய் நின்றது: வீட்டில் கொசுவலை உண்டா?

எட்டு முதல் பதினான்கு வரை என்ன ஆயின? ஆனந்தமேரி பின்னால் போய்ப் பார்த்தார். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை, என்ன வகை, காலையில் இருமல் உண்டா, மூச்சிரைப்பு உண்டா, இரவில் தூக்கம் கெடுகிறதா, சிகிச்சை எடுத்ததுண்டா. கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஆனால் புகைப்பழக்கம் உண்டு என்று சொன்னவர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். மற்றவர்களுக்குக் கொசுவலை.

இளஞ்செழியனுக்குப் போன் போட்டார்.

"சார், இங்க ஒரு அம்மாவுக்கு மூச்சே விட முடியல. ஆனா இளைப்பு இருக்கான்னு கேக்கவே விடமாட்டேங்குது சார் உங்க மெஷின்."

"அவங்க ஸ்மோக் பண்றாங்களா மேடம்?"

"இல்ல சார். அடுப்பு பொகை."

"அப்ப அந்த செக்‌ஷன் அவங்களுக்கு ரெலவன்ட் இல்ல மேடம். அதான் லாஜிக் அப்படி வச்சிருக்கோம். அடுப்பு வேற ஸ்டடி, அடுத்த வருஷம் ஃபண்ட் வந்தா பாக்கலாம்."

"அது வரைக்கும் மூச்சு இருக்கணுமே சார்."

"நெட்வொர்க் சரியில்ல மேடம், கட் ஆகுது" என்று இளஞ்செழியன் சொன்னது மிகத் தெளிவாகக் கேட்டது.

ஆனந்தமேரி டேப்லெட்டை மடியில் வைத்தார். 'ஒண்ணும் பயமில்ல, டென்ஷன்தான்' என்று சொல்லி அனுப்பிய டாக்டர் ஞாபகத்துக்கு வந்தார் என்று என்னிடம் பிறகு சொன்னார். அங்கேயும் ஒரே கேள்விதான். இல்லை என்று சொன்னதும் கதவு சாத்திவிட்டது. நிமிர்ந்து ஒச்சம்மாளைக் கேட்டார்.

"அக்கா, வெளையாட்டுக்குக் கேக்கல. நெசமாவே சொல்லுங்க. பொகை புடிக்கிறீகளா?"

"நான் எங்க தாயி அதப் புடிக்கிறேன்? அதுதான முப்பத்தொரு வருசமா என்னையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது."

ஆனந்தமேரி 'உண்டு' என்பதைத் தொட்டார். எத்தனை வருடம்: முப்பத்தொன்று. ஒரு நாளைக்கு எத்தனை முறை: இரண்டு. வகை என்ற இடத்தில் சிகரெட், பீடி, சுருட்டு, மற்றவை என்று இருந்தன. மற்றவை. காலை இருமல் உண்டு. இரைப்பு உண்டு. சிகிச்சை இல்லை. அவர் கணக்கில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

அதற்குப் பிறகு நான்கு நாளில் அந்த ஊரில் நூற்று முப்பத்தொரு பெண்களைப் பார்த்தார். பலர் இருமலைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள்; அது ஒரு வியாதி என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. நூற்றுப்பன்னிரண்டு பேருக்குக் கதவைத் திறந்துவிட்டு வந்தார்.

திண்டுக்கல் ஆபீசில் இளஞ்செழியன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது, புகைப்பவர்கள் ஆண்கள் நூற்றுக்கு இருபத்தேழு, பெண்கள் நூற்றுக்கு எண்பத்தைந்து என்று இரண்டு கம்பங்கள் நின்றன. ஒரு கம்பம் குட்டை, ஒரு கம்பம் திரையை முட்டியது. வேறு யாராக இருந்தாலும் ஆனந்தமேரிக்கு ஒரு போன் போட்டு விசாரித்திருப்பார்கள். அவர் எம்பிஏ. கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தார். மலையடிவாரப் பெண்களிடம் ஏதோ ஒரு ரகசியப் புகை பரவியிருக்கிறது, வகை மற்றவை. நன்கொடை தருகிற பெரியவர்களுக்கு அன்றே மெயில் போயிற்று. பதினைந்து நாளில் அந்த ஊரில் விழிப்புணர்வு முகாம் என்று முடிவாயிற்று. ஆனந்தமேரியிடம் முகாம் தேதியை மட்டும் சொன்னார்கள். மருத்துவ முகாம் என்றதால் அவரும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

போய்ப் பார்த்தால் ஊர் மந்தைத் திடலில் பந்தல் போட்டு, பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'பெண்ணே! புகையை விடு, புன்னகையைத் தொடு!' அதன் கீழே உதட்டுச் சாயம் பூசிய ஒரு வெள்ளைக்காரப் பெண் விரலிடுக்கில் சிகரெட் வைத்திருந்தாள். அவள் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. அந்த ஊரில் அப்படி ஒருத்தியை யாரும் பார்த்ததில்லை.

டீக்கடையிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரண்டு வந்துவிட்டார்கள். முன்னால் சுருளிவேல். விரலில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

"எவன்யா இத எழுதுனது? எங்க வீட்டுப் பொம்பளைக பொகை புடிக்கிறாகளா? நாங்க மானத்தோட வாழற சனம்யா!"

இளஞ்செழியன் டேப்லெட்டைக் காட்டினார். "சார், கோவப்படாதீங்க. டேட்டா இருக்கு சார். எய்ட்டி ஃபைவ் பர்சென்ட்."

"ஒன் டேட்டாவத் தூக்கிக் குப்பையில போடு! இது வெளிய தெரிஞ்சா எங்க ஊர்ல எவன் பொண்ணு எடுப்பான்?" என்று ஒருவர் கத்தினார். அவர் வாயிலும் பீடி. 'மற்றவை' என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தன் மனைவியைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தார். பெண்களின் புகைப்பழக்கத்தைக் கண்டித்து இருபது முப்பது ஆண்கள் புகைத்துக்கொண்டே நின்ற காட்சியை யாரும் போனில் படம் பிடிக்காமல் போனது நம் துரதிர்ஷ்டம்.

ஆனந்தமேரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "நாந்தான் போட்டேன். சிகரெட்டுன்னு போடல. அடுப்பு..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கத்துகிற வாயிலிருந்தெல்லாம் புகையும் வந்தது. நெஞ்சு இழுத்துக்கொண்டது. பந்தல் காலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முகாமுக்கு வந்திருந்த டாக்டர் தீபா, நுரையீரல் படிப்புப் படித்த இளம் பெண், அதுவரை மேஜையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஓடி வந்தார். "எல்லாரும் தள்ளிப் போங்க. கையில இருக்கிறதை அணைங்க, இப்பவே!" ஒரு பிளாஸ்டிக் குழாயை ஆனந்தமேரியின் வாயில் வைத்து, அதன் முனையில் இன்ஹேலரை அழுத்தினார். மெதுவாக மூச்சை இழுக்கச் சொன்னார். மறுபடி, மறுபடி. பத்து நிமிடத்தில் அந்தப் பூனைக்குட்டி வாயை மூடியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு முழுக்கக் காற்று போனதாம். அழுகை வந்தது, ஆனால் மூச்சை அதற்குச் செலவு செய்ய மனசில்லை என்றார்.

அதற்குள் ஒச்சம்மாள் பந்தல் நடுவில் வந்து நின்றிருந்தார். மைக் இல்லை, தேவைப்படவும் இல்லை.

"இந்தப் புள்ளைய எதுக்கு வையிறீக? நாந்தான் சொன்னேன், எழுதுச்சு. முப்பத்தொரு வருசமா காலையில ரெண்டு மணி நேரம், சாயந்தரம் ரெண்டு மணி நேரம் அடுப்படியில கெடந்து இருமுறேன். அம்புட்டு நாளும் இந்த மனுசனுக்கு மானம் போகல. ஒரு டப்பாவுல அத எழுதுனதும் போயிருச்சாக்கும்!"

சுருளிவேல், "ஏ, நீ சும்மா இரு புள்ள. பொது எடம்" என்றார்.

"பொது எடத்துலதான கேக்கணும். வீட்டுல கேட்டா டிவி சத்தத்துல காது கேக்க மாட்டேங்குதே!"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் பரவி, அந்த வரிசை முழுவதும் இருமியது. அதைக் கேட்ட டாக்டர் தீபா மேஜையை இழுத்து நடுவில் போட்டு, ஊதிப் பார்க்கும் கருவியை எடுத்து வைத்தார். "பேனரைக் கழட்டுங்க. பெண்கள் எல்லாம் வரிசையா வாங்க."

ஊதச் சொன்னால் அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஒச்சம்மாள்தான் முதலில் ஊதினார். கருவியில் முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. இந்த வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறது என்றார் டாக்டர். அடுத்தடுத்து வந்தவர்களிலும் பலருக்கு முள் பாதி வழியிலேயே களைத்துப்போயிற்று.

அதைப் பார்த்துச் சுருளிவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "குடுங்க, நான் ஊதுறேன்" என்று வாங்கி, நெஞ்சை நிமிர்த்தி ஊதினார். அவருக்கும் இருக்க வேண்டியது இல்லை. ஆனால் ஒச்சம்மாளுடையதைவிட மேலே நின்றது. கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "பாத்தீகளா! நான் நாளைக்கு ரெண்டு கட்டு. இவளுக்கு மேல ஊதிட்டேன். அப்ப பீடியில ஒண்ணும் இல்ல!"

"உங்களுக்கும் குறைவாத்தான் இருக்கு, சந்தோஷப்படாதீங்க" என்றார் டாக்டர். "ஆம்பளை வாங்குனாலும் பொம்பளை வாங்குனாலும் புகை புகைதான். எல்லாருக்கும் ஆஸ்துமா வந்துடாது; ஆனா வர்ற வாய்ப்பு கூடும், வந்தவங்களுக்கு முத்தும். பெண்களுக்கு மூச்சுக்குழாய் கொஞ்சம் சிறுசு. அதே புகை அவங்களைக் கூடுதலா தாக்கலாம்னு பல ஆய்வுல சொல்றாங்க. அதுக்கு மேல கணக்குப் பாருங்க. நீங்க பீடியைக் குடிச்சுட்டுத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிடுறீங்க. அவங்க அடுப்புப் புகையையும் வாங்குறாங்க, வீட்டுக்குள்ள உங்க பீடிப் புகையையும் வாங்குறாங்க. ஒரு பீடிகூடக் குடிக்காம."

சுருளிவேல் இதையெல்லாம் கேட்டார். என்ன புரிந்துகொண்டார் என்பது அடுத்து வந்த கிராம சபையில் தெரிந்தது. அவர் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: 'நமது ஊரில் பெண்கள் எவரும் புகைப்பதில்லை என்று இச்சபை ஒருமனதாக உறுதி கூறுகிறது.' கைதட்டலோடு நிறைவேறியது. கூட்டம் முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. கட்டடத்துக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, பச்சை மட்டையை வைத்து ஊதி ஊதி அதைச் சமைத்தது அந்தப் புகைக்காத பெண்கள்தான்.

ஆனந்தமேரிக்கு அறக்கட்டளையிலிருந்து இங்கிலீஷில் ஒரு மெயில் வந்தது. ஐரின் படித்துச் சொன்னாள். தரவின் தரம் பாதிக்கப்பட்டதால் அவருடைய சேவை இனித் தேவைப்படவில்லை, வாழ்த்துகள். எதற்கு வாழ்த்து என்று ஐரினுக்கும் புரியவில்லை. "நான் பொய்யா ஒண்ணும் எழுதலையே" என்பதை மட்டும் ஆனந்தமேரி ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு மாதம் கழித்து திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்த அறக்கட்டளையின் ஆண்டு விழா நடந்தது. அடுப்புப் புகையின் ஆபத்தை வெளிக்கொண்டு வந்ததற்காக இளஞ்செழியனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏழாவது கேள்விக்குக் கீழே இப்போது அடுப்புப் புகை பற்றி இன்னொரு கேள்வியும் சேர்த்திருக்கிறார்களாம். யார் சொல்லிச் சேர்த்தது என்று மேடையில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் வேறு ஒரு சண்டை ஓடியது. டாக்டர் தீபா பரிசோதித்து ஆஸ்துமா என்று சொல்லி, தினமும் இழுக்க ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார். அருள்நாதன் அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"மேரி, இந்தப் பம்ப்பெல்லாம் வேணாம். ஒருக்கா பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாம்."

சொல்லும்போது அவர் விரலில் அன்றைய எட்டாவது சிகரெட் இருந்தது. இருபத்தாறு வருடப் பழக்கம்.

ஆனந்தமேரி எழுந்து, சன்னலைச் சாத்தி, கதவைத் திறந்து விட்டார். "இனிமே வீட்டுக்குள்ள இல்ல. டாக்டர் சொல்லிட்டாக. வெளிய போயிக் குடிச்சிட்டு, செத்த நேரம் நின்னுட்டு உள்ள வாங்க."

"எங்க போகச் சொல்ற? நடுத்தெருவுக்கா?"

"தெருவு பெருசாத்தான இருக்கு."

மூன்று நாள் தெருவில் நின்றார். எங்கள் தெரு சும்மா இருக்குமா? போகிறவன் வருகிறவன் எல்லாம், "என்ன அண்ணாச்சி, வீட்டுல வெரட்டிட்டாகளா?" என்று விசாரித்தான். நானும் ஒரு தடவை கேட்டேன், மறைப்பானேன். நான்காம் நாளிலிருந்து அவர் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தார். இருபத்திரண்டு படி. ஒரு மாதத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பதினைந்து ஒன்பதாகி, இப்போது ஐந்தில் நிற்கிறது. மதுரை டாக்டராலும் பூசையாலும் ஆகாததை அந்தப் படிக்கட்டு செய்துவிட்டது. மனைவிக்காகக் குறைத்துக்கொண்டதாக அவர் வெளியே சொல்லிக்கொள்கிறார். ஆனந்தமேரி மறுப்பதில்லை. எதைத் திருத்துவது, எதை விடுவது என்று அவருக்கும் ஒரு கணக்கு உண்டு.

இப்போது அவர் டாக்டர் தீபாவின் கிளினிக்கில் வாரத்தில் மூன்று நாள் இருக்கிறார். வருகிறவர்களுக்கு இன்ஹேலரை எப்படி அழுத்துவது, எப்போது இழுப்பது, பிறகு வாயை ஏன் கொப்பளிக்க வேண்டும் என்று செய்து காட்டுவது அவர் வேலை. தப்பாக இழுத்தால் விடமாட்டார். சரியாக வரும்வரை நிறுத்திவைப்பார். நான் என் அம்மாவை அழைத்துப் போயிருந்த வியாழக்கிழமை, ஒச்சம்மாளும் அந்த ஊர்ப் பெண்கள் ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். ஆஸ்பத்திரி என்றால் எதற்கு என்று கேட்பார்கள். சாமி என்றால் கேட்கமாட்டார்கள்.

"இப்ப எப்படிக்கா இருக்கு? படுத்தா தூக்கம் வருதா?"

"வருது மேரி. முந்தியெல்லாம் உக்காந்தேதான் விடியும். இப்பப் படுக்க முடியுது."

"சமையலு?"

"சோறு, வெஞ்சனம் எல்லாம் கேஸ்லதான். மொதல்ல ருசி இல்ல, ருசி இல்லன்னு மொனங்குனாரு. பேசாம இருந்தேன். இப்ப ரெண்டு தட்டு திங்குறாரு."

"அப்ப வெறகு அடுப்ப மொத்தமா விட்டாச்சா?"

ஒச்சம்மாள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்க விட? அவரு குளிக்க வெந்நி வைக்கணுமே. கேஸ்ல வச்ச வெந்நி ஒடம்புல ஒட்டலையாம்."

பெஞ்சிலிருந்த ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் வீடுகளிலும் ஒட்டவில்லை போலிருக்கிறது. மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறுக்குத்தான் என்று ஒருவர் எழுந்தார். எல்லோரும் இன்ஹேலரைச் சுருக்குப் பைக்குள் போட்டு, மேலே விபூதிப் பொட்டலத்தை வைத்து மூடி, ஒருவர் பின் ஒருவராக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்தார்கள்.